வெறும் பெட்டியில் அம்மா எடுத்த படம்

நம் வயதுக்காரர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் சின்ன வயது முகம் உங்களிடம் இருக்கிறதா? கல்யாணப் படம் இருக்கும். அதற்கு முந்தியது? பாவாடை கட்டித் திரிந்த வயது, அரைக்கால் சட்டையில் மூக்கு ஒழுகின வயது, அதெல்லாம் இருக்கிறதா? இருக்காது. நம்மைப் பெற்றவர்களுக்கு அந்த எண்ணமே கிடையாது. படம் என்பது ஆள் செத்த பிறகு சுவரில் மாட்டுவதற்கு.

போன வாரம் என் பேத்தி, பூனை கொட்டாவி விடுவதைப் படம் எடுக்க அதன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, "பூனைக்குப் போயி ஃபிலிமை வீணாக்குறியே, அறிவிருக்கா?" என்று கத்தினாள். நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். "வீணாக்கட்டும் விடு. பூனையை எடுக்கட்டும், செருப்பை எடுக்கட்டும், அடுப்பை எடுக்கட்டும். உனக்கென்ன?" மருமகள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கிழத்துக்குப் பூனைமேல் இவ்வளவு பாசமா என்று நினைத்திருப்பாள். எனக்குப் பூனைமேல் பாசம் கிடையாது. அது பாலைத் திருடுகிறது. நான் கத்தியது எங்கள் அம்மாவை நினைத்து.

அப்போது எனக்கு எட்டு வயது. மந்தைவெளிப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, அதை ஒட்டி முற்றம். முற்றத்தில் கிணறு, துணி துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம். அப்பாவுக்கு மரக்கிடங்கில் வேலை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். வீடு அவள் கையில் இருந்தது. அரிசி அளப்பதிலிருந்து வெள்ளிக்கிழமை யாருக்கு முதலில் எண்ணெய் வைப்பது என்பதுவரை அவள் சொன்னதுதான்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, பேச்சு வருவதற்குள் போய்விட்டான். எனக்குப் பிறகு ரொம்ப காலம் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் தம்பி. தம்பி பிறந்த வருஷம்தான் நான் சொல்லப் போவது.

ஒருநாள் அம்மா தம்பிக்குத் தலை துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "மொதப் புள்ள மூஞ்சி மறந்து பூட்ச்சுடி. காது நெனப்பிருக்குது. மூஞ்சி வர்ல. கண்ண மூடினா இவன் மூஞ்சிதான் வருது."

அழுதுகொண்டு சொல்லவில்லை. பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அப்போது அது புரியவில்லை. பெற்ற தாய்க்கு முகம் மறக்குமா என்று நினைத்தேன். மறக்கும். எனக்கே என் அம்மாவின் முகம் இப்போது பாதிதான் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு படம் இருந்தது. அப்பாவைப் பெற்றவருடையது. கை வைத்த நாற்காலியில் தலைப்பாகையோடு, முட்டிமேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தப் படத்தைக் கண்டால் பயம். முறத்தை எடுக்கப் போனாலும் பார்ப்பார், குடத்தை எடுக்கப் போனாலும் பார்ப்பார். அந்தக் கண் மூடாது, அசையாது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இன்னாத்துக்கு பயப்படற? அது உசிரோட எடுத்ததே இல்ல. செத்தப்புறம் தூக்கி ஒக்கார வெச்சி எடுத்தது. கண்ணு படக்காரன் மைல வரைஞ்சது. கிட்ட போயி பாரு."

முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். உண்மைதான். கறுப்பு மை, மெல்லிய தூரிகை. மூடின இமைக்கு மேலேயே வரைந்திருந்தது. பயம் போகவில்லை, இரண்டு மடங்காயிற்று.

அப்போது அதுதான் வழக்கம். ஆள் இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். ஆள் போன பிறகு முகம் வேண்டுமே என்று ஸ்டூடியோவுக்கு ஓடுவார்கள். இதில் இருக்கிற மடத்தனம் யார் கண்ணுக்கும் படவில்லை. நம் பெரியவர்களைத் திட்டக் கூடாதாம். நான் திட்டுகிறேன்.

மாமா அடையாறில் ஒரு துரை பங்களாவில் டிரைவர். அந்தத் துரை வேலை முடிந்து சீமைக்குக் கப்பல் ஏறினபோது, மாமாவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி, மேலே தோல் பிடி, முன்னால் ஒரு கண், பக்கவாட்டில் ஒரு முள், ஒரு திருகு. முதுகில் சின்னதாகச் சிவப்புக் கண்ணாடி ஒன்று.

அத்தை எட்டி நின்று கேட்டாள். "இன்னாடா அது?"

"படம் புடிக்கிற பொட்டி, பெரியக்கா."

அத்தை தம்பியைத் தூக்கி மாராப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "எட்த்துனு போடா அத்த. பச்சப் புள்ள கீற வூடு."

"பயப்படாத பெரியக்கா. உள்ளாற ஃபிலிமு ரோலே கெடையாது. ரோலு இல்லாங்காட்டி அது வெறும் பொட்டி." மாமா பெட்டியை அவள் காதருகே கொண்டுபோய் ஆட்டிக் காட்டினார். தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போல அத்தை கேட்டாள். ஒன்றும் சத்தம் வரவில்லை. "வெறும் பொட்டி" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

மாமா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். வெயில் உன் முதுகில் இருக்க வேண்டும். பெட்டியை வயிற்றோடு அழுத்திப் பிடி. பத்தடி தள்ளி நில். படம் எடுக்க முள்ளைத் தட்டும்போது மூச்சு விடாதே. அப்புறம் திருகைச் சுற்று. அவ்வளவுதான்.

பெட்டியின் மேலே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கும். அம்மா என்னைக் கூப்பிட்டு அதில் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். எங்கள் முற்றம் அதற்குள் இருந்தது. கிணறு, கல், முருங்கை மரம், கொடியில் அப்பாவின் வேட்டி, எல்லாம் குட்டியாக, இடம் வலம் மாறி, நிஜத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. வேட்டி அதற்குள் ஆடியது. தினம் பார்க்கிற வேட்டிதான். அவ்வளவு அழகாக ஒரு வேட்டியை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே வேலை. காலையில் அடுப்பு வேலை முடிந்து, முற்றத்துக்கு வெயில் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொள்வாள். துவைக்கிற கல்லைப் பார்த்து முள்ளைத் தட்டுவாள். குடத்தைத் தட்டுவாள். கொடியில் காயும் துணியை, அம்மிமேல் இருக்கும் மிளகாயை, என்னை, காக்காயைத் தட்டுவாள். உள்ளே ஒன்றும் கிடையாது. தட்டுவாள், திருகைச் சுற்றுவாள், மறுபடி தட்டுவாள்.

அத்தை சிரித்தாள். "ஒண்ணுமே இல்லாத பொட்டிய வெச்சிக்கினு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு கீறா பாரு. சோறு இல்லாத சட்டிய கிண்டற மாதிரி."

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்து ஒரு தாயத்து மந்திரித்து வாங்கி வந்தார். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, பெட்டியின் பிடியில் கட்டிவிட்டாள்.

சாந்தோம் கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மா ஒருத்தி உண்டு. பின்வாசல் வழியாக முற்றத்துக்கே வந்து கூடையை இறக்குவாள். அம்மா அவளையும் தட்டுவாள்.

"வெறும் பொட்டில புடிச்சா படம் வருமா, தாயி?"

"வராது."

"அப்ப எங்கூட்டுக்காரன் சண்டைக்கும் வர மாட்டான். நல்லா புடி. மூக்குத்தி தெரியறாப்பல புடி." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி நிற்பாள். மறுநாள் வந்ததும், "இன்னா, என் படம் இன்னிக்காவது வந்துட்ச்சா?" என்பாள். இந்த வேடிக்கை தினமும் நடந்தது.

அம்மா வீணாகத் தட்டிக்கொண்டிருந்தாள் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான். இப்போது யோசித்தால், அவள் அந்த முற்றத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எந்த நேரம் வெயில் கிணற்றடியைத் தாண்டிக் கல்லுக்கு வரும், எப்போது முருங்கை நிழல் கல்லில் விழும், எங்கே நின்றால் பத்தடி, எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியைக் கல்மேல் உட்கார வைத்தால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். ஆனால் கிணற்றுச் சுவரில் காக்காய் வந்து உட்கார்ந்தால் வாயைத் திறந்தபடி அப்படியே அசையாமல் இருப்பான். ஒரு மூச்சு நேரம். அப்புறம் சிரிப்பு, கையாட்டல், கூச்சல். அந்த ஒரு மூச்சை அம்மா கண்டுபிடித்து வைத்திருந்தாள். நானும் அதே முற்றத்தில்தான் விளையாடினேன். எனக்குத் தெரியவில்லை. அத்தை அவனை நாள் முழுக்கத் தூக்கி வைத்திருந்தாள். அவளுக்கும் தெரியவில்லை. ஒரு ரோல்கூட இல்லாமல் அம்மா சம்பாதித்தது இது.

தை மாதம் மாமா வந்தார். புது எஜமானரோடு வெயில் காலத்துக்கு ஊட்டிக்குப் போக வேண்டியிருக்கும், திரும்ப ரொம்ப நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கொண்டுவந்த வாழைத்தாரை எல்லோரும் பார்த்தோம். வேறு என்ன கொடுத்தார் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை. அம்மா வழக்கம்போலப் பெட்டியோடு முற்றத்தில் நின்றாள். அத்தை வாசற்படி ஓரம் பலகையில் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டி, தம்பியைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா தட்டினாள். அத்தை தலைகூடத் தூக்கவில்லை. மீன்காரம்மா வந்து ராணி மாதிரி நின்றாள். அம்மா தட்டினாள். நான் பல்லைக் காட்டினேன். தட்டினாள். அப்புறம் அம்மா தம்பியைத் துடைத்துக் கல்மேல் உட்கார வைத்து, எதிரே போய் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றாள். நான் அவள் பின்னால் இருந்தேன். அவள் திருகைச் சுற்றும்போது பெட்டியின் முதுகைப் பார்த்தேன். சிவப்புக் கண்ணாடியில் ஓர் எண் நகர்ந்து வந்து நின்றது.

இத்தனை நாள் அதில் எண் இருந்ததில்லை. வெறும் சிவப்புதான்.

நான் பார்த்ததை அம்மா பார்த்தாள். கட்டை விரலால் கண்ணாடியை மூடினாள். "அந்தாண்ட நில்லு. வெயில் பூடும்" என்றாள். அவ்வளவுதான்.

காக்காய் வந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தது. தம்பி வாயைத் திறந்தான். அம்மா மூச்சை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். டொக்.

எதிரே அத்தை ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு, "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள்.

மாமா ஊட்டிக்குப் போய்விட்டதால் ரோல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கழுவி எடுத்துவர வேறு யாரையும் அம்மாவால் கேட்க முடியாது. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். பெட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதைத் தட்டுவதையும் நிறுத்திவிட்டாள். அப்பா தாயத்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

சித்திரையில் தம்பிக்கு ஜுரம் வந்தது. கூடவே பேதி. வைத்தியர் வந்தார், கஷாயம் கொடுத்தார். அத்தை ராத்திரியெல்லாம் மடியைவிட்டு அவனை இறக்கவில்லை. அவளைக் கொடுமைக்காரி என்று நீங்கள் நினைத்திருந்தால் தப்பு. அவளுக்குப் பிள்ளை கிடையாது. தம்பி அவளுடைய பிள்ளை. விரிவாக எழுத எனக்கு மனமில்லை. ஒரு விடியற்காலை தம்பி போய்விட்டான்.

சின்னக் குழந்தையை ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அப்போது அத்தை அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "லஸ்ஸாண்ட போயி படக்காரன இட்டுனு வா. மொதப் புள்ள மூஞ்சி மறந்து பூட்ச்சுன்னு அவ பொலம்பிக்கினு கீறா. இதுவாவது இருக்கட்டும்."

அத்தைக்கும் அது தெரிந்திருந்தது. அம்மாவுக்காகத்தான் ஆள் அனுப்பினாள். இது எனக்கு ரொம்ப காலம் கழித்துத்தான் உறைத்தது.

படக்காரர் மூன்று கால் வைத்த பெரிய பெட்டியும் கறுப்புத் துணியுமாக வந்தார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்கு இது தினப்படி வேலை. தம்பியை எங்கே உட்கார வைப்பது, தலைக்குப் பின்னால் எந்தத் தலையணையை முட்டுக் கொடுப்பது என்று பார்த்தார். "சட்டை ஒண்ணு போடுங்கோ. கண்ண பத்திக் கவலை வாணாம், அத்த அப்பால நான் வரைஞ்சிக்கறேன்" என்றார். அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "உசிரோட கீற கொயந்தைங்கதான் நைனா கஷ்டம், ஆடிடும். இது ஆடாது. சுத்தமா வுழும்" என்றும் சொன்னார்.

எனக்கு நாற்காலிக் கிழவரின் மைக் கண் ஞாபகம் வந்தது. தம்பிக்கும் அந்தக் கண் வரப் போகிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்தாள்.

"வாணாம். எட்த்தாச்சு" என்றாள்.

"இன்னாடி எட்த்தாச்சு?" என்றாள் அத்தை.

அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள்.

"அய்யோ, அது வெறும் பொட்டிடி" என்று அத்தை அழுதாள். அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்தாள்.

"வெறும் பொட்டி இல்ல, அண்ணி. ரோலு போட்டு கீது. தை மாசம் கல்லுமேல ஒக்கார வெச்சி எடுத்தேன். சிரிச்சிக்கினு கீறான்."

அத்தை அம்மாவையே பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்பது அந்த வீட்டில் எட்டு வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்தது. தை மாதம் படம் எடுத்தாள், சித்திரையில் பிள்ளை போயிற்று.

"நீயேவாடி?" என்றாள் அத்தை. "உசிரோட இருக்கச்சொல்ல எடுத்தியா? நீயே..."

"ஆமா, அண்ணி. நான்தான்."

அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படக்காரர் எடுத்துவிட்டுப் போயிருப்பார், மாமா வந்ததும் ரோலை ரகசியமாகக் கழுவி வைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். மைக் கண் வரைய விடக் கூடாது என்று, பிள்ளையைக் கொன்றவள் என்ற பேரை அவள் தானாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவ்வளவு தைரியத்தை அதற்கப்புறம் நான் யாரிடமும் பார்த்ததில்லை. எத்தனையோ வீரர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். போகட்டும்.

அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினார். திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கப் போனார், முதுகு மூடியில் விரலை வைத்துவிட்டார். படக்காரர் அலறினார்: "நைனா! தொறக்காத! வெளிச்சம் பட்டா அல்லாம் பூடும்!" அம்மா அப்பாவின் கையைப் பெட்டியோடு சேர்த்துத் தன் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். படக்காரர் தன் கறுப்புத் துணியால் பெட்டியைச் சுற்றிக் கட்டி வாங்கிக்கொண்டார். மூன்று காலையும் மடக்கினார். தம்பியைப் படம் எடுக்காமலேயே போனார். போகும்போது அம்மாவிடம், "வந்துக்கீதா வர்லியான்னு தெரியாது தாயி. வெயில் காலத்துல கெடந்த ரோலு. நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

அப்புறம் தம்பியைக் கொண்டுபோனார்கள்.

அந்த வாரம் அத்தை அம்மாவிடம் ஒரு சொல் பேசவில்லை. அம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் சொல்லவும் இல்லை, ஆனால் அவள் முகம் சொன்னது. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். படம் வந்திருந்தால் அவளிடம் முகம் இருக்கும், பழியும் இருக்கும். வராவிட்டால் பழி மட்டும்.

அப்பா லஸ்ஸிலிருந்த ஸ்டூடியோவுக்குக் கிளம்பினபோது அம்மா என்னையும் அனுப்பினாள். "நீ போ. உங் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு."

படக்காரர் ரோலைக் கழுவி வைத்திருந்தார். படத்தைக் காகிதத்தில் எங்கள் கண்ணெதிரே போட்டுத் தருகிறேன் என்று இருட்டறைக்குள் கூட்டிப் போனார். சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. புளித்த மாவு மாதிரி ஒரு வாசனை. ஒரு பீங்கான் தட்டில் ஏதோ தண்ணீர். வெள்ளைக் காகிதம் ஒன்றை அதில் முக்கித் தட்டை லேசாக அசைத்தார். "பாத்துக்கினே இரு, பாப்பா" என்றார்.

காகிதத்தில் ஒன்றும் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் தோளைப் பிடித்திருந்தார்.

முதலில் காகிதத்தின் அடிப்பக்கம் ஒரு கறை வந்தது. கெட்டுப்போன படம் என்று நினைத்தேன். கறை கறுத்தது. ஓரம் தெளிந்தது. ஒரு தலை, பின்னால் முடிச்சுப் போட்ட கொண்டை, இரண்டு பக்கமும் மடக்கின முழங்கை. குனிந்து வயிற்றருகே எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பொம்பளை. அம்மா! முதுகில் விழுந்த வெயில் அவள் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. அதற்குப் பிறகு கல் வந்தது. கிணற்றுச் சுவர் வந்தது. அதன்மேல் காக்காய். கறுப்பெல்லாம் முதலில் வரும், வெளுப்பு கடைசியில்தான் வரும் என்றார் படக்காரர். கல்லுக்கு மேலே வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் இரண்டு புள்ளி தெரிந்தது. கண். மையில் வரையாத கண். அப்புறம் திறந்த வாய், கன்னம், நெற்றி. தண்ணீருக்கு அடியிலிருந்து தம்பி எழுந்து வந்தான்.

கோயில் கர்ப்பக்கிரகத்தில் எத்தனையோ தடவை திரை விலகிப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டின் முன்னால் நின்றது மாதிரி நான் எங்கேயும் நின்றதில்லை.

"அட, வந்துட்ச்சே!" என்றார் படக்காரர். பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது. விளக்கருகே தூக்கிப் பார்த்து, "ஒரு கை ஆடிட்ச்சு. பொக மாதிரி கீது. கீய நெழல் வேற வுழுந்துட்ச்சு. நெழல வெட்டி எட்த்துட்டா நல்லா இருக்கும், வெட்டட்டா?" என்றார்.

அப்பா காகிதத்தில் அந்த நிழலையே பார்த்தார். "ஒண்ணும் வெட்டாதீங்க" என்றார்.

ரோலில் பாதி பாழ். காக்காயை மட்டும் எடுத்த படத்தில் காக்காய் இல்லை. என் படத்தில் எனக்கு இரண்டு மூக்கு. மீன்காரம்மா மட்டும் அச்சு அசலாக, மூக்குத்தியோடு விழுந்திருந்தாள். பிற்பாடு அம்மா அதைக் கொடுத்தபோது, "அய்யய்யோ, அப்ப நெசமாவே புடிச்சியா!" என்று கூடையைப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மூக்கு எங்க அப்பா மூக்கு" என்றாள். ஆடிப்போன கையை விரலால் தொட்டாள். "காக்காவ கூப்புடறான்."

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அம்மா இன்னொரு படத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் மடியில் வைத்துவிட்டு வந்தாள். அத்தை பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தாள். எவ்வளவு நேரம் பார்க்காமல் இருக்க முடியும்? குனிந்தாள். படத்தில் பலகைமேல் ஒருத்தி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்மேல் தம்பி. சொம்பிலிருந்து தண்ணீர் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது.

"இது யாரு?" என்றாள் அத்தை. அவள் தன் உருவத்தைப் படத்தில் பார்த்ததே இல்லை.

"நீதான் அத்தே" என்றேன்.

"என்னியுமா எடுத்தா?"

"ஆமா. அதே நாளு."

அத்தை படத்தைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. "நான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துக்கினு கீறனே." அதற்கப்புறம்தான் அழுதாள். தம்பி போன அன்று அழுததைவிட மோசமாக அழுதாள். அம்மா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று ராத்திரி அம்மா போட்ட சோற்றை அத்தை சாப்பிட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நம் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். ஆனால் ரொம்ப நாள் கழித்து ஒரு காலையில், "பொட்டிய ஏன் சும்மா வெச்சிக்கினு கீற? எட்த்துனு போ, வெயில் வந்துட்ச்சு பாரு" என்று அவளே சொன்னாள். அத்தை நான் நாலு பிள்ளை பெறுகிறவரை இருந்தாள்.

அம்மா சாகிறவரை இப்படித்தான் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தாள். காயும் வடகம், அப்பா சவரம் செய்வது, மழைத் தண்ணீர் நின்ற முற்றம். பாதி பாழாகும், கவலைப்பட மாட்டாள். ரோல் இல்லாவிட்டால் வெறுமனே தட்டுவாள். அவளை எடுக்க ஆள் இல்லை. பெட்டி அவள் கையில் இருக்கும்போது அவளை யார் எடுப்பது? என் கல்யாணப் படத்தில், கூட்டத்தில் யாருடைய தலைப்பாகைக்குப் பின்னாலோ பாதி நெற்றி தெரியும், அதுதான்.

அவள் போன அன்று என் பெரிய பையன் பதறினான். "அம்மா, பாட்டிக்குப் படமே இல்லியே. ஸ்டூடியோக்காரனைக் கூட்டிட்டு வரட்டுமா? தூக்கறதுக்குள்ள வந்துடுவான்."

"வேணாம். எடுத்தாச்சு" என்றேன்.

என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், குழந்தை நல்ல அழகு, ஒரு கைதான் சரியாக விழவில்லை என்பார்கள். தம்பி என்பேன். பெரியவங்க படம் ஒண்ணும் இல்லியா என்பார்கள்.

"கீழே பாருங்க" என்பேன். படத்தின் அடியிலிருந்து தம்பியின் கால்வரை நிழலாக நீண்டு கிடக்கிறாளே, குனிந்த தலையும் கொண்டையுமாக. அது எங்கள் அம்மா. அன்றைக்குத் தட்டில் முதலில் வந்தவள் அவள்தான்.